ஏரிவீட்டாரைப் படித்தவர்கள்

பாடியில் அந்த வீட்டுக்காரர்கள் ஷோகேஸ் சாவியைத் தேடிக்கொண்டிருந்தார்கள். கணவன் ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம். டி.வி. மேல் விரித்திருந்த பூப்போட்ட துணியைத் தூக்கிப் பார்த்தாயிற்று. காலண்டர் ஆணியில் தொங்கிய சாவிக்கொத்தை ஒவ்வொன்றாக நுழைத்துப் பார்த்தாயிற்று. ஒன்றும் பொருந்தவில்லை.

கண்ணாடிக்கு உள்ளே ஒரு ஜோடி பீங்கான் வாத்து, பிரிக்காத லெமன் செட், பளிங்கில் ஒரு தாஜ்மகால். நடுவில், கண்ணாடித்தாள் சுற்றிய அட்டைப்பெட்டிக்குள் ‘ஏரிவீட்டார்’ நாவலின் ஐந்து பாகமும் வரிசையாக நின்றன. வாங்கி வைத்த நாளிலிருந்து அந்தத் தாளை யாரும் தொட்டதாகத் தெரியவில்லை.

நாற்காலி விளிம்பில், மடியில் ஒரு துணிப்பையோடு உட்கார்ந்திருந்தார் ரெஜினா டீச்சர். அந்த ஐந்து பாகங்களையும் எழுதியவர் அவர்தான். பக்கத்தில் நான்.

“இங்கதான் டீச்சர் வெச்சேன். கல்யாணமான புதுசுல பூட்டினது, அதான்…” என்றாள் அந்தப் பெண். அவளுடைய மகன் அப்போது எல்.கே.ஜி. போய்க்கொண்டிருந்தான்.

“படிச்சிட்டீங்களாம்மா?” என்று டீச்சர் கேட்டார்.

“படிக்காம இருப்பமா டீச்சர். சூப்பர் கதை.”

கணவன் சட்டென்று குனிந்து, சோபாவுக்கு அடியில் சாவி தேடப் போய்விட்டான். எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. டீச்சர் முகத்தைப் பார்த்ததும் அது போன இடம் தெரியவில்லை.

போன வாரம் இந்தப் பத்தியில் எங்கள் கம்பெனி கேன்டீன் சாம்பாரைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு வயிறு வலிக்கச் சிரித்ததாகச் சிலர் சொன்னார்கள். அவர்கள் இந்த வாரத்தை விட்டுவிடலாம். இது சாவி தேடுவதில் ஆரம்பித்தாலும் சிரிப்பில் முடிகிற கதை இல்லை.

எதிர்வீட்டு எழுத்தாளர்

அம்பத்தூரில் எங்கள் வீட்டுக்கு எதிர்வீடு ரெஜினா டீச்சருடையது. பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். தெருவில் பாதிப் பெண்களுக்கு அவரிடம் குட்டு வாங்கிய அனுபவம் உண்டு. அவருடைய கணவர் அந்தோணி அண்ணன், ஆவடியில் ராணுவத்துக்கு வண்டி செய்கிற தொழிற்சாலையில் வேலை பார்த்தார். காலையில் சைக்கிளில் ஸ்டேஷனுக்குப் போவார், மாலையில் சைக்கிளில் வருவார். நடுவில் பேச வேண்டியிருந்தால் தலையை ஆட்டுவார்.

நான் எஸ்டேட் என்று நாங்கள் சொல்கிற தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட். தமிழ் டைப்பிங்கில் ஹையர் பாஸ் செய்திருந்தேன். அதைத் தெரிந்துகொண்டு ஒருநாள் டீச்சர் ஒரு கட்டுக் காகிதத்தோடு வந்தார். ஏரிக்கரையில் நிலம் வைத்திருந்த ஒரு குடும்பம், நிலமெல்லாம் ஃபேக்டரியாக மாறியதும் என்ன ஆனது என்கிற கதை. அவருடைய கையெழுத்து, பரீட்சைப் பேப்பர் திருத்துகிறவர்களின் கையெழுத்து. நான் கண்ணைக் கசக்கிக்கொண்டு அடித்தேன். முதல் பாகம் அடித்து முடித்ததும் இரண்டாம் பாகம் வந்தது. அப்படியே ஐந்து பாகமும் என் விரல் வழியாகத்தான் போயின.

எண்பதுகளின் தொடக்கத்தில் முதல் பாகம் வந்தது. நன்றாகப் போயிற்று. இரண்டாம் பாகத்துக்கு அம்பத்தூர் ஸ்டேஷன் பெட்டிக்கடையில் ஆட்கள் சொல்லிவைத்து வாங்கினார்கள். ரயிலில் எதிர்ஸீட்டுக்காரர் ஏரிவீட்டாரைப் படிப்பதைப் பார்த்துவிட்டு, இறங்க வேண்டிய இடத்தில் இறங்காமல் டீச்சர் திருவள்ளூர் வரைக்கும் போன கதை எங்கள் தெருவில் பிரசித்தம். ஏன் இறங்கவில்லை என்று கேட்டால், “அந்த ஆள் எந்தப் பக்கத்துல சிரிக்கிறான்னு பாத்துக்கிட்டிருந்தேன்,” என்பார்.

கடிகாரத்துக்குப் பதிலாக

ஐந்தாம் பாகம் தனியாக வரவில்லை. முன்னால் வந்த நான்கையும் சேர்த்து ஒரே அட்டைப்பெட்டியாகத்தான் வந்தது. பெட்டியின் மேல் குத்துவிளக்குப் படம் போட்டு, ‘மணமக்களுக்கு ஏற்ற பரிசு’ என்று பதிப்பாளர் அச்சடித்துவிட்டார். அங்கேதான் அதன் தலைவிதி மாறியது.

எஸ்டேட் கம்பெனிகளில் ஒருவருக்குக் கல்யாணம் என்றால் செக்‌ஷனில் எல்லோரும் போட்டு ஒரு பரிசு வாங்குவோம். அதுவரை அது சுவர்க்கடிகாரம். இல்லாவிட்டால் ஒரு கண்ணாடி ஜாடியும் ஆறு டம்ளரும் கொண்ட லெமன் செட். வரவேற்பு முடிந்து பெண்வீட்டார் பிரித்தால் ஒன்பது கடிகாரம் இருக்கும், ஒன்றுகூட ஓடாது. அலுத்துப்போயிருந்த நேரத்தில் ஏரிவீட்டார் பெட்டி வந்து இறங்கியது. பார்க்கக் கனமாக இருந்தது, படித்தவர்கள் கொடுத்த மாதிரி மதிப்பாகவும் இருந்தது. உடையாது என்பது எல்லாவற்றையும்விட முக்கியம்.

அதற்கப்புறம் பாடியிலிருந்து பூந்தமல்லி வரைக்கும் ஏரிவீட்டார் இல்லாத கல்யாணமே இல்லை என்று ஆகிவிட்டது. எங்கள் கம்பெனியில் அதை வாங்கிவரும் வேலை என் தலையில். முதல் பாகத்தின் முதல் பக்கத்தில், ‘இல்லறம் சிறக்க வாழ்த்தும் சக ஊழியர்கள்’ என்று எழுதி எழுதி, பெட்டிக்குக் கண்ணாடித்தாள் சுற்றிச் சுற்றி எனக்குக் கை ஓய்ந்துபோயிற்று.

அந்தப் பெட்டி போன வீடுகளில் அதற்கென்று ஓர் இடம் தானாக அமைந்தது. ஷோகேஸ், மேல்தட்டு, நடுவில்.

பெருக்குவதா, வகுப்பதா

டீச்சருக்கு அம்பத்தூரில் ஒரு மண்டபத்தில் பாராட்டு விழா வைத்தார்கள். பதிப்பாளர் மைக்கைப் பிடித்து, எத்தனை பிரதி விற்றிருக்கிறது என்று சொன்னார். கைதட்டல். அடுத்து, “ஒரு வீட்டில் ஒரு புத்தகத்தைக் குறைந்தது ஐந்து பேர் படிக்கிறார்கள். ஆகவே ஐந்தால் பெருக்கிக்கொள்ளுங்கள்,” என்றார். இன்னும் பெரிய கைதட்டல்.

முன்வரிசையில் டீச்சர் என் காதருகே குனிந்தார். “இவனை எந்தக் கணக்கு டீச்சர் பாஸ் போட்டது?”

“ஏன் டீச்சர், சந்தோஷமா இருக்கலாம்ல.”

“வித்ததை எண்ணலாம் சரளா. படிச்சதை எப்படி எண்றது? ஐஞ்சால பெருக்கணுமோ, ஐம்பதால வகுக்கணுமோ.”

டீச்சரிடம் அதற்கு ஒரே ஓர் அளவுகோல் இருந்தது. இரண்டாம் பாகத்தில் ஒரு தவறு நடந்திருந்தது. மூத்த மருமகளுக்கு ஆரம்பத்தில் இடது கன்னத்தில் மச்சம், நடுவில் எங்கேயோ வலது கன்னத்துக்குப் போய்விட்டது. அவ்வளவுதான். போஸ்ட்கார்டுகள் வந்து குவிந்தன. திட்டியும் கேலி செய்தும், மச்சத்துக்கு ஜோசியம் சொல்லியும் எழுதியிருந்தார்கள். தபால்காரர் ஒரு கட்டத்தில் கோணிப்பையில் கொண்டுவந்து போட்டார். டீச்சர் அவமானத்தில் இரண்டு நாள் சாப்பிடவில்லை. பிறகு அந்தக் கார்டுகளை எடுத்து வைத்துக்கொண்டு பூரித்துப் பூரித்துப் படித்தார். “எழுதினவங்க இவ்வளவு பேர்னா, எழுதச் சோம்பேறித்தனப்பட்டவங்க எவ்வளவு பேர் இருப்பாங்க,” என்று கணக்குப் போட்டார். பொய் சொல்லாத கணக்கு என்று அவர் நம்பியது அதைத்தான்.

மெர்சி

இதைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

மூன்றாம் பாகம் எழுதிக்கொண்டிருந்தபோது டீச்சரின் ஒரே மகள் மெர்சி இறந்துபோனாள். நாலாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்தவளுக்கு உடம்பு சுட்டது. வாரம் முடிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

கணக்கு டீச்சர் மகளுக்குக் கணக்கு வராது. விரலை முதுகுக்குப் பின்னால் வைத்து ரகசியமாக எண்ணுவாள். எங்கள் வீட்டுக்கு வந்து டைப்ரைட்டரில் தன் பெயரை அடிக்கச் சொல்வாள். காகிதத்தை உருவி எடுத்துக்கொண்டு, அது காயவேண்டும் என்று ஊதிக்கொண்டே போவாள். இங்க்கே இல்லை, ரிப்பன்தான் என்று எத்தனை தடவை சொன்னாலும் ஊதுவாள்.

அடக்கம் முடிந்த பிறகு எங்கள் தெருவே ஒரு முடிவுக்கு வந்ததுபோல் அவள் பேரைச் சொல்வதை நிறுத்திவிட்டது. நல்ல எண்ணத்தில்தான். டீச்சர் மனம் நோகக் கூடாதே என்று. நானும் சொல்லவில்லை. அந்தோணி அண்ணன் அவளுடைய போட்டோவைச் சுவரிலிருந்து கழற்றி பீரோவுக்குள் வைத்தார். வருஷாவருஷம் கல்லறைத் திருநாளுக்கு இருவரும் போய்ப் புல்லைப் பிடுங்கி, சுண்ணாம்பு அடித்து, பூப்போட்டு, மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வருவார்கள். போகும்போதும் வரும்போதும் அந்த மனிதர் மகள் பேரை ஒரு தடவைகூடச் சொன்னதில்லை என்று டீச்சர் ஒருமுறை என்னிடம் சொன்னார். கோபமாகத்தான் சொன்னார்.

“பேரச் சொல்ல ஒரு ஆள் இல்ல சரளா. அவ இருந்தாளா இல்லையான்னு எனக்கே சந்தேகம் வருது.”

பிறகு அவர் செய்தது இதுதான். ஐந்தாம் பாகத்தில் ஏரிவீட்டின் கடைசிப் பேத்தியாக அமுதா என்று ஒரு பெண்ணைக் கொண்டுவந்தார். விரலை முதுகுக்குப் பின்னால் வைத்து எண்ணுகிற பெண். அவள் அப்பாவோடு பூந்தமல்லி சந்தைக்குப் போய், காய்க்கூடைக்குள் ஒரு பூனைக்குட்டியை ஒளித்து எடுத்து வருகிறாள். அன்றைக்கு ராத்திரி உடம்பு சுடுகிறது. அடுத்த பதினாறு பக்கத்தில் இறந்துபோகிறாள்.

அந்தப் பக்கங்களை டைப் அடித்த அன்று என் விரல் பல தடவை தப்பான எழுத்தில் விழுந்தது. டீச்சர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். “ஆயிரக்கணக்குல விக்குதுங்கறான். ஆயிரம் பேராவது அவளைத் தெரிஞ்சிக்கிட்டா, அவ இருந்தான்னு ஆயிடும்ல,” என்றார். நான் தலையாட்டினேன்.

இருபதாவது ஃபாரம்

புத்தகம் வந்தபோது டீச்சர் ஐந்தாம் பாகத்தைத் திறக்கவில்லை. திறக்க முடியவில்லை என்பதுதான் சரி. தம்முடைய பிரதியை அப்படியே பீரோவில், போட்டோவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். நான் டைப் அடித்த களைப்பில் அச்சுப் புத்தகத்தைப் புரட்டவே இல்லை.

ஐந்து வருஷம் போயிற்று. பதிப்பாளர் புதுப் பதிப்பு போடப்போவதாகவும், திருத்தம் இருந்தால் குறித்துத் தரும்படியும் சொன்னார். அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டீச்சர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். போனபோது கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மடியில் ஐந்தாம் பாகம்.

“இதப் பாரு.”

அச்சகத்தில் ஒரே தாளில் பதினாறு பக்கம் அடிப்பார்கள். மடித்தால் அது ஒரு ஃபாரம். ஒவ்வொரு ஃபாரத்தையும் அடுக்கடுக்காக வரிசையில் வைத்திருப்பார்கள். பைண்டிங் பெண்கள் நடந்துகொண்டே அடுக்குக்கு ஒன்றாக எடுத்துச் சேர்த்துத் தைக்கக் கொடுப்பார்கள். டீச்சர் புத்தகத்தில் பத்தொன்பதாவது ஃபாரம் இரண்டு தடவை இருந்தது. அமுதா சந்தைக்குப் போகிறாள், பூனைக்குட்டி வருகிறது, உடம்பு சுடுகிறது. பக்கத்தைத் திருப்பினால் மறுபடியும் அமுதா சந்தைக்குப் போகிறாள், பூனைக்குட்டி, உடம்பு சுடுகிறது. அதற்கப்புறம் நேராகப் பாகப்பிரிவினை. அவள் சாகிற இருபதாவது ஃபாரம் இல்லவே இல்லை.

“இந்த ஒண்ணுல மட்டும் இருக்கும் டீச்சர்,” என்றேன். எங்கள் வீட்டுப் பிரதியை ஓடிப்போய் எடுத்துவந்தேன். அதிலும் அப்படியே. பக்கத்துத் தெரு வாடகை நூலகத்துப் பிரதியிலும் அப்படியே.

மறுநாள் பதிப்பாளரிடம் போனோம். அவர் குடோனில் ஆள்விட்டுத் தேடச் சொன்னார். பத்தொன்பதாவது ஃபாரம் சரியாக விழவில்லை என்று இரண்டாவது தடவை அடித்திருக்கிறார்கள். முதலில் அடித்ததைக் கழித்துக் கட்டவில்லை. இரண்டு அடுக்கும் வரிசையில் பக்கத்துப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டன. இடம் போதாமல் இருபதாவது அடுக்கைத் தூக்கி யாரோ உள்ளே வைத்திருக்கிறார்கள். கயிறு போட்டுக் கட்டியபடி எல்லாக் கட்டும் குடோன் மூலையில் பத்திரமாக இருந்தது. ஒன்றுகூட வெளியே போகவில்லை.

பதிப்பாளர் வருத்தப்பட்டார். பிறகு தேற்றுவதாக நினைத்துக்கொண்டு, “ஆனா பாருங்க மேடம், ஒரு கம்ப்ளெயிண்ட் வரல,” என்றார்.

 வெளியே பஸ் ஸ்டாப்புக்கு வந்ததும் டீச்சர் சொன்னார்.

“மச்சம் எடம் மாறினதுக்குக் கோணிப்பையில லெட்டர் வந்துது. எம் புள்ள செத்ததே காணாமப் போயிருக்கு. ஒருத்தர் கேக்கல.”

“நான் படிச்சேனே டீச்சர்.”

“நீ டைப் அடிச்ச,” என்றார்.

வீடு வீடாக

அவர் அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. ஒரு துணிப்பை நிறைய இருபதாவது ஃபாரத்தை வாங்கிவந்தார். எங்கள் கம்பெனி பரிசு கொடுத்த வீடுகளின் விலாசம் எனக்குத் தெரியும். விடுமுறை நாட்களில் என்னைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார். ‘புத்தகத்தில் ஒரு பகுதி விட்டுப்போச்சு, கொடுத்துவிட்டுப் போக வந்தோம்’ என்பது காரணம். உண்மையில், ஐந்தாம் பாகத்தைப் படித்த ஒரு ஆளையாவது கண்ணால் பார்க்க வேண்டும் அவருக்கு.

பாடியில் சாவி கடைசியில் கிடைத்தது, அரிசி டின்னுக்குள். பெட்டியை எடுத்து, கண்ணாடித்தாளைப் பிரிக்க அந்தப் பெண் கூச்சப்பட்டாள். டீச்சரே, “பரவாயில்லம்மா, உள்ள சொருகி வெச்சுக்குங்க,” என்று ஒரு ஃபாரத்தைக் கொடுத்துவிட்டு எழுந்தார்.

ஆவடி குவார்ட்டர்ஸில் ஒரு வீட்டில் மூன்றாம் பாகமும் நான்காம் பாகமும் பிரிட்ஜின் ஒரு காலுக்கு முட்டுக்கொடுத்து நின்றன. கொரட்டூரில் ஒருவர் முதல் பாகத்தைக் கரைத்துக் குடித்திருந்தார். இரண்டாம் பாகத்தில் பாதியோடு மகப்பேறு, குழந்தை, வீடு மாற்றம். அவர்மேல் எனக்குக் கோபமே வரவில்லை. திருமுல்லைவாயலில் ஒரு அம்மாள், டீச்சர் கையைப் பிடித்துக்கொண்டு, “கடைசிப் பாகம் படிச்சு நான் அழாத நாளே இல்ல,” என்றார்.

டீச்சர் முகம் மலர்ந்துவிட்டது. “எந்த எடத்துலம்மா?”

“எல்லா எடத்துலயும்தான்.”

அந்த மலர்ச்சி அணைந்ததைப் பக்கத்திலிருந்து பார்த்தவள் நான். யாரும் கெட்டவர்கள் இல்லை. காபி கொடுத்தார்கள், முறுக்குக் கொடுத்தார்கள், கூடவே வந்து பஸ் ஏற்றிவிட்டார்கள். வாசலுக்கு வந்த எழுத்தாளரிடம் படிக்கவில்லை என்று சொல்ல நம் ஊரில் யாருக்கும் வாய் வராது.

“போதும் டீச்சர்,” என்றேன் ஒருநாள்.

“ஐயப்பன்தாங்கல் ஒண்ணு பாக்கி இருக்குன்னியே. அத மட்டும் பாத்துடலாம்.”

வேற குட்டி

ஐயப்பன்தாங்கல் பஸ் டெப்போவுக்குப் பின்னால், ஊரின் பழைய தெருவில் இருந்தது அந்த வீடு. எங்கள் கம்பெனிப் பையன் ஒருவனுக்குப் பெண் கொடுத்த வீடு. இளம் ஜோடி ஒற்றை அறையில் குடியிருந்ததால், வந்த பரிசுகளையெல்லாம் பெண்ணின் அம்மா வீட்டில் போட்டிருந்தார்கள். பெண்ணின் அப்பா ஏகாம்பரம், ஒரு காலத்தில் நெல் போட்டவர். அப்புறம் லாரி வைத்து, அதையும் விற்றுவிட்டார். அவர் மனைவி கமலாம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

ஷோகேஸ் இல்லை. ஜன்னல் திண்டில் ஐந்து பாகமும் கிடந்தன. அட்டையெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு. ஐந்தாம் பாகம் முதுகு விட்டுப்போய், சாக்கு ஊசியால் தைத்திருந்தது. டீச்சர் அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். 

“தெனம் மத்தியானம் சாப்டதும் இவுரு படிப்பாரு, நான் கேப்பேன்,” என்றார் கமலாம்மா. “முச்சூடும் முடிச்சுட்டு மறுபடி மொதல்லேர்ந்து ஆரமிச்சோம். ஏம்மா, இது நெஜமா நடந்ததுதானே?”

“கொஞ்சம் நெஜம்,” என்றார் டீச்சர். “கடைசிப் பாகத்துல… ஒரே எடம் ரெண்டு தடவ வந்திருக்குமே.”

“ஆமா, கீது,” என்றார் ஏகாம்பரம். “ரெண்டு தபாவும் படிச்சேன். எழுதறவங்க காரணம் இல்லாம போடுவாங்களா. ஜுரம் வந்துது, சரியாப் போச்சு, அப்பன் மறுபடி சந்தைக்கு இட்டுகினு போறான். அதானே.”

“பூனக்குட்டி?” என்று நான் கேட்டுவிட்டேன்.

“அது வேற குட்டிம்மா,” என்றார் கமலாம்மா, எனக்குப் புரியவில்லையே என்கிற மாதிரி. “மொத தபா ஜுரம் வந்தப்போ எனக்கு மனசே கேக்கல. மேல படிக்காதன்னு சொல்லிட்டேன். ரெண்டு நாளு புக்கத் தொடல. அப்பால இவுருதான் படிச்சாரு. பாத்தா புள்ள எழுந்து சந்தைக்குப் போவுது. ரெண்டாவது தபா ஜுரம் வந்தப்போ பயப்படவே இல்ல. மொத தபா சரியான மாறி இதுவும் சரியாப் பூடும்னு தெரியும்ல.”

டீச்சர் கை பைக்குள் போனது. ஃபாரத்தின் ஓரம் வெளியே வந்தது.

“அப்பால அது பேரே வரல,” என்று கமலாம்மா தொடர்ந்தார். “ஊட்ல யாரும் அதப் பத்திப் பேசறதே இல்ல. இவுரு இன்னாடான்னு யோசிச்சாரு. நான்தான் சொன்னேன், பாகம் பிரிக்கிற சண்டைல புள்ள எதுக்கு, எங்கனா ஹாஸ்டல்ல சேத்துப் படிக்க வெச்சிருப்பாங்கன்னு. கரீட்டா?”

ஏகாம்பரம் பையைப் பார்த்தார். “இன்னா பேப்பரும்மா அது?”

டீச்சர் ஃபாரத்தை உள்ளே தள்ளினார். “இது வேற வீட்டுக்கு.”

“அதச் சொல்லும்மா மொதல்ல,” என்றார் கமலாம்மா. “இப்போ இன்னா பண்ணுது அந்தப் பொண்ணு?”

வெளியே டெப்போவுக்குள் ஒரு பஸ் ரிவர்ஸ் எடுக்கும் சத்தம். யாரோ விசில் ஊதிக்கொண்டிருந்தார்கள். நான் டீச்சரைப் பார்க்கத் துணியாமல் தரையைப் பார்த்தேன்.

“பன்னெண்டாவது படிக்கிறா,” என்றார் டீச்சர். “கணக்கு மட்டும் வராது.”

“அது வராட்டி போவுது. நல்லா இருந்தா சரி,” என்றார் கமலாம்மா. கிளம்பும்போது இரண்டு முழம் கதம்பத்தை வாழை இலையில் சுற்றி டீச்சர் கையில் வைத்தார். “பொண்ணுக்குக் குடுங்க.”

திரும்பி வந்த பிறகு

பூந்தமல்லியில் பஸ் மாறி உட்கார்ந்த பிறகுதான் டீச்சர் உடைந்தார். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதார். கண்டக்டர் டிக்கெட் கேட்க வந்து, கேட்காமல் முன்னால் போய்விட்டார்.

“புதுப் பதிப்புல அந்தப் பக்கத்தச் சேக்கச் சொல்லலாமா டீச்சர்?” என்று மெதுவாகக் கேட்டேன். 

“சேக்கணும். அது நடந்ததுதானே.” முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “அவ செத்துட்டான்னு சொல்றதுக்கு ஒரு ஆள் கெடைக்காதான்னுதான் சரளா இத்தன பக்கம் எழுதினேன். கெடைச்ச ஒரு ஆள்கிட்ட உசுரோட இருக்கான்னு சொல்லிட்டு வரேன்.”

அவர் வீட்டு வாசலில் விட்டுவிட்டுப் போகத்தான் நினைத்தேன். டீச்சர் என் கையை விடவில்லை. உள்ளே போனோம். அந்தோணி அண்ணன் அப்போதுதான் ஓவர்டைம் முடித்துவிட்டு வந்து, டீ போட்டுக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் இன்னும் கொஞ்சம் பாலை ஊற்றினார். அவர் அந்த நாவலில் ஒரு பக்கம்கூடப் படித்தவர் இல்லை.

டீச்சர் கதம்பத்தை மேஜைமேல் வைத்தார். ஒப்பிப்பது போல் சொன்னார்.

“ஐயப்பன்தாங்கல்ல ஒருத்தங்க மெர்சி என்ன பண்றான்னு கேட்டாங்க. பன்னெண்டாவது படிக்கிறான்னு சொல்லிட்டேன்.”

அந்தப் பேரை அந்த வீட்டில் சத்தமாகக் கேட்டு எத்தனை வருஷமோ ஆகியிருந்தது.  அண்ணன் திரும்பவில்லை. டீயை ஆற்றினார், மூன்று டம்ளரிலும் அளவு பார்த்து ஊற்றினார், அடுப்பை அணைத்தார்.

“பன்னெண்டாவது ஏப்ரல்லயே முடிஞ்சிருக்கும் ரெஜினா,” என்றார். “இந்த ஜூன்லேர்ந்து காலேஜு. நான்தான் ட்ரெயின்ல கொண்டுபோய் விட்டிருப்பேன்.”